மூன்று மணி வரை ரத்து செய்யலாம்

மார்ச் 7, வியாழன்

மகள் நிரஞ்சனா நாலு பக்கம் கணக்குப் போட்டுத் தூக்கியெறிந்த நோட்டு இது. முன்பக்கங்களைக் கிழித்துவிட்டு நான் எடுத்துக்கொண்டேன். பேச ஆளில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிழமை மறந்துபோகிறது, அதற்குத்தான்.

இன்று ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். மே மாதக் கடைசியோடு இவரை அனுப்பிவிடுவார்களாம். டிசம்பரில் தொழிற்சாலையில் மெஷின் பக்கத்திலேயே விழுந்தவர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இப்போது கோல் ஊன்றிப் பத்தடி நடக்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது. வாயைத் திறந்தால் "அது, அது" என்று மட்டும் வருகிறது. கேட்பது எல்லாம் புரியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். ஜப்பானில் பதினெட்டு வருஷம் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது, தலையைச் சாய்த்தால் தெரியாது என்று அர்த்தம்.

எங்கள் வீடு யாச்சியோவில், நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தாறு படி. இந்த வீட்டுக்கு எப்படி அழைத்து வருவது?

முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊர் கோபிக்கே போய்விடலாம். அண்ணன் அங்கே தரையோடு தரையாக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். கோயமுத்தூரில் நல்ல பிசியோதெரபி ஆள் இருக்கிறாராம். எனக்கென்ன, நான் எங்கேயும் இருந்துகொள்வேன். இவருக்காகத்தான்.

இவரிடமும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

போவதற்குப் பணம் வேண்டும். இவருடைய சேமிப்பு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது, ஆன்லைன் தரகுக் கம்பெனி ஒன்றில், மியூச்சுவல் ஃபண்டாக. மாசாமாசம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துப் பதினோரு வருஷம் போட்டிருக்கிறார். அதுவும் எந்த ஃபண்ட் என்று பார்த்தால், இந்தியக் கம்பெனிகளின் பங்கு வாங்கும் ஃபண்ட். ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவை வாங்கியிருக்கிறார் மனுஷர். மனசு ஊரில்தான் இருந்திருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இவருடைய டேப்லெட்டைத் திறந்தால் கம்பெனிப் பக்கம் தானாகவே உள்ளே விடுகிறது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் ஜப்பானியம் வாசிக்க வரும், அதனால் நிரஞ்சனாவை உட்காரவைத்தேன். இங்கேயே பிறந்தவள், செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி வாசிக்கிறாள். ஒரு மணி நேரம் விளக்கினாள். புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

விற்பது என்றால் எதிரில் வாங்குகிற ஆள் கிடையாது. ஃபண்ட் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தரும். வேலைநாளில் மூன்று மணிக்கு முன்னால் பொத்தானை அமுக்கினால் அன்றைய கணக்கு. மூன்று தாண்டினால் மறுநாள் கணக்கு. விலை அமுக்கும்போது தெரியாது. அடுத்த வேலைநாளில்தான் விலை போடுவார்கள். அதற்கப்புறம் பணம் வர இன்னும் நாலைந்து வேலைநாள். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை வரி என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

விலை தெரியாமல் எவனாவது விற்பானா என்று கேட்டேன். எங்கள் அப்பா பட்டுக்கூடு வளர்த்தவர். கோபி அங்காடியில் ஏலம் முடிந்து விலையைச் சீட்டில் எழுதிக் கையில் தந்தால்தான் கூட்டைத் தராசில் கொட்டுவார். "எல்லாருக்கும் ஒரே விலை வேணும்னுதாம்மா இப்படி வெச்சிருக்காங்க. தெரிஞ்சுட்டு வித்தா, நீ மட்டும் லாபம் பாத்துட்டு ஓடிருவ இல்ல?" என்றாள். எனக்கு ஓடத் தெரிந்திருந்தால் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்.

பொத்தானை அமுக்கியதும் நாலு இலக்க எண் ஒன்று கேட்கிறது. விற்பதற்கென்றே தனி எண். அது இவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

வியாழன்தான் எனக்கு விடுமுறை. மற்ற நாளில் காலை ஆறு முதல் ஒன்று வரை சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் நிற்கிறேன். சாதத்தின் மேல் ஒரே ஒரு ஊறுகாய்ப் பழம் வைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு மூவாயிரம் பழம்.

ஆஸ்பத்திரியில் பார்க்கும் நேரம் இரண்டு முதல் நாலு. ஒரு தாளில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பெரிதாக எழுதிக்கொண்டு போனேன். "விக்கறதுக்கு ஒரு நம்பர் கேக்குதுங்க. தொட்டுக் காட்டுங்க" என்றேன். இடது விரலால் நாலு எண் தொட்டார். டேப்லெட்டில் போட்டேன், தவறு என்றது. மறுபடி கேட்டேன், வேறு நாலைத் தொட்டார். அதுவும் தவறு. மூன்றாவது முறையும் தவறியதும் கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

அழுகை வந்தது. இவர் இடது கையை என் கைமேல் வைத்தார். பாவம், இவருக்கே கஷ்டமாக இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி தரும் மியாகே என்ற பெண் அந்த நேரம் வந்தாள். எண்கள் மறந்துவிட்டன போலிருக்கிறது என்றேன். அவளுக்கு ஆச்சரியம். காலையில்தான் ஒன்று முதல் முப்பது வரை சொன்னாராம், கடிகாரம் பார்த்து நேரமும் காட்டினாராம். அது பாடம் ஒப்பிக்கிற மாதிரி, இது ஞாபகம், வேறுவேறு அல்லவா என்றேன். தலையைச் சாய்த்தாள்.

மார்ச் 15, வெள்ளி

வேலை. ஆஸ்பத்திரி. துணி. பருப்பு தீய்ந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

கம்பெனிக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் பேசினாள் அந்தப் பெண். முடியாது என்பதை அத்தனை மரியாதையாகச் சொல்ல இந்த ஊரில்தான் முடியும். கணக்குக்காரர் தவிர யாரும் விற்க முடியாது, மனைவியானாலும். புது எண் வேண்டுமென்றால் விண்ணப்பம் அனுப்புவார்கள், அதில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் தபாலில் வரும் தாளை வைத்து அவரே புது எண் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் அவரே.

அண்ணனும் கூப்பிட்டார். "ஏம்மிணி, எப்பத்தான் வர்றீங்க? வீட்டுக்காரன் அட்வான்ஸ் கேக்கறான்" என்றார். சீக்கிரம் என்றேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கென்ன என்றேன்.

மார்ச் 28, வியாழன்

விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்லவேளை, முன்யோசனையாக மூன்று பிரதி எடுத்துப் போயிருந்தேன். முதலில் தன் பெயரைச் சென்னியப்பன் என்று எழுதுகிறேன் பேர்வழி என்று கோட்டைத் தாண்டி மேஜைவரை போய்விட்டார். இரண்டாவதை எழுதி முடித்து, அவரே கசக்கிக் கூடையில் போட்டார். மூன்றாவதை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போடுங்க, எனக்கு இன்னொருக்கா பஸ் ஏறி வர முடியாது" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒழுங்காகப் போட்டார். இடது கை எழுத்தானாலும் அழகாகவே இருந்தது.

வெளியே செர்ரி பூத்திருக்கிறதாம். பஸ்ஸில் எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் தூங்கிவிட்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டிப்போய் இறங்கினேன்.

ஏப்ரல் 4, வியாழன்

தாள் வந்தது. டேப்லெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புது எண் போடும்போது திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்றகிட்டக்கூட மறைக்கோணுமா?" என்று கேட்டேன். திரையை இன்னும் சாய்த்துக்கொண்டார். சரி, போட்டாரே, அதுவே பெரிசு. புதிய எண் ஒரு வாரம் கழித்துத்தான் செல்லுமாம். அடுத்த வியாழன் முதல் வேலையாக விற்றுவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 11, வியாழன்

விற்க முடியவில்லை. இன்று ரம்ஜானாம், மும்பையில் பங்குச்சந்தை விடுமுறையாம். இந்திய ஃபண்ட் என்பதால் அங்கே லீவு என்றால் இங்கேயும் விற்கும் ஆணையை வாங்கமாட்டார்களாம். திரையில் சிவப்பு எழுத்தில் வந்ததை நான் தட்டுத்தடுமாறி வாசித்து இவரிடம் சொன்னேன்.

சிரித்தார். வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது, ஆனால் சிரிப்புதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் சிரித்து நாலு மாதம் ஆகிறதே என்பதற்காக விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். நிரஞ்சனா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பள்ளியில் கடைசி வருஷம் ஆரம்பித்துவிட்டது, நான் டீச்சரிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். ஜூனில் போய்விடுவோம் என்று சொல் என்றேன்.

"அப்பாகிட்டக் கேட்டியா?" என்றாள்.

சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"சொல்றது வேற, கேக்கறது வேறம்மா."

பதினேழு வயதுக்கு இந்த வாய் ஜாஸ்தி. அவளுக்கு அவள் பள்ளிக்கூடம், அவள் தோழிகள். நாலு மாதமாக பஸ் ஏறி இறங்குவது யார், மூவாயிரம் பழம் வைப்பது யார், இவருடைய அழுக்குத் துணியைப் பையில் போட்டு ஐம்பத்தாறு படி ஏறுவது யார்? இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. பாயசத்தை மூடி வைத்தேன்.

வாய் பேசாத மனுஷரிடம் எதைக் கேட்பது.

ஏப்ரல் 18, வியாழன்

வேலைக்கு ஆள் வரவில்லை என்று லீவு நாளிலும் கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

திரும்பி வரும்போது மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் குப்பையோடு இறங்கியவள், என்னவாயிற்று என்று கேட்டாள். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்றேன். நான் போட்டிருந்தது செருப்பு. அவள் குனிந்து பார்த்தாள், குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அப்புறம் எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

விற்றாயிற்று. ஆனால் என் கெட்ட நேரம், அதிலும் ஒரு கோளாறு.

ராகு காலத்தில் நான் நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. கல்யாணமான புதிதில் இதற்காக இவர் என்னைப் பண்ணாத கேலி இல்லை. "ராகு இந்திய டைம்ல வருமா, ஜப்பான் டைம்லயா? விசா வாங்கிட்டா வருது?" என்பார். இருக்கிற ஊரின் கடிகாரப்படிதான் என்று நான் சொல்லிவிட்டேன். வியாழனுக்கு ஒன்றரை முதல் மூன்று. பார்க்கும் நேரம் ஆரம்பிப்பதோ இரண்டுக்கு. மூன்று மணிக்கு ராகு காலம் முடிகிறது, மூன்று மணிக்குத்தான் கம்பெனியும் அன்றைய கணக்கை மூடுகிறது. சரியாக மூன்று அடிக்கும்போது அமுக்கிவிட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டே முக்காலுக்கு எனக்கே பொறுமை போய்விட்டது. அடுத்த வாரம் முழுக்க இங்கே விடுமுறைகள் வருகின்றன, தள்ளினால் தள்ளிக்கொண்டே போகும். ராகுவாவது கேதுவாவது, இப்போதே அமுக்கிவிடலாம் என்று டேப்லெட்டை நீட்டினேன். அப்போது இவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். தலையை ஆட்டினார். உள்ளங்கையைக் காட்டி, பொறு என்கிற மாதிரி நிறுத்தினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் கேலி பண்ணிய மனுஷர், விழுந்து எழுந்ததும் நல்ல நேரம் பார்க்கிறார். நோய் இப்படி ஒரு நல்லதும் செய்திருக்கிறது.

மூன்று ஆக ஒரு நிமிஷம் இருக்கும்போது டேப்லெட்டைக் கையில் கொடுத்தேன். மொத்தமும் விற்பதற்கான இடத்தை நானே தொட்டு வைத்திருந்தேன், எண் மட்டும்தான் பாக்கி. இடது விரல் அல்லவா, ஒரு எண் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். நாலாவது எண் முடியும்போது மூன்று மணி ஒரு நிமிஷம். இன்றைய நேரம் முடிந்துவிட்டது, உங்கள் ஆணை நாளைய கணக்கில் சேரும், நாளை மூன்று மணி வரை ரத்து செய்யலாம் என்று வந்தது.

ஒரு நாள்தானே, போகட்டும். நாளைக் கணக்கு என்றால் விடுமுறையெல்லாம் கழிந்து மே எட்டாம் தேதி பணம். ரத்து செய்ய நமக்கென்ன பைத்தியமா?

கிளம்பும்போது டேப்லெட்டைத் தரமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டார். பாட்டுக் கேட்கத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, சனி

நேற்று எழுதவில்லை. எழுதுகிற நிலையில் இல்லை.

நேற்று ஒரு மணிக்கு வேலை முடிந்து கையுறையைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வீட்டு மெயிலுக்கு இரண்டு கடிதம். நிரஞ்சனாவும் பார்த்துவிட்டுத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். காலை பத்து முப்பத்தெட்டுக்கு ஆணை ரத்து. பத்து நாற்பத்தாறுக்குப் புதிதாக ஒரு ஆணை, கையிருப்பில் சரிபாதி மட்டும் விற்க.

ரத்து செய்யவும் அந்த நாலு எண் வேண்டும். அது ஒருவருக்குத்தான் தெரியும்.

முதலில் கை பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் போகப் போக, கை பட்டால் ரத்தாகலாம், கை பட்டு ஏழு இலக்கக் கையிருப்பைச் சரிபாதியாக வகுத்துப் போடுமா என்று தோன்றியது. மார்ச்சில் தொட்டுக் காட்டிய மூன்று தப்பு எண்களும் ஞாபகம் வந்தன. கசக்கிய தாள் ஞாபகம் வந்தது. கடிகாரத்தைக் காட்டிப் பொறு என்றது நல்ல நேரத்துக்காக இல்லை. மூன்று மணி தாண்டட்டும், மறுநாள் ரத்து செய்துகொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறார் மனுஷர். நான் ஒரு முட்டாள் பக்கத்தில் கண் கலங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு உள்ளே போனேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரு பண்ணுனதுங்க இது?"

இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"ஊருக்குப் போக வேண்டாமுங்களா?"

தலையை ஆட்டினார். இல்லை என்று. டாக்டர் மாதிரி சாய்க்கவில்லை, நம்ம ஊர் ஆட்டல், இரண்டு பக்கமும் தெளிவாக.

அப்புறம் நான் பேசியதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. யாருக்காக இத்தனை பாடு என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரையை இழுத்துக்கொண்டார். தன்னைக் கேட்கவே இல்லை என்று இவருக்குக் கோபம் இருந்திருக்கும், அதைக் காட்ட இவரிடம் இருந்தது அந்த நாலு எண் மட்டும்தான். எனக்கு இப்போது தெரிகிறது. நேற்று அந்த நேரத்தில் தெரியவில்லை. அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட இருந்தது.

"பாதி எதுக்குங்க?" என்று கடைசியாகக் கேட்டேன்.

விரலை என் பக்கம் நீட்டினார். வாய் திறந்து மூடித் திறந்து, "நீ... போ" என்றார்.

என்னைத் துரத்துகிறாரா? ஊருக்கு நான் மட்டும் எதற்குப் போக வேண்டும், எனக்கு அங்கே என்ன வேலை, உங்களுக்காகத்தானே எல்லாம் என்றேன். மறுபடி தலையை ஆட்டினார். ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. முகமெல்லாம் சிவந்து வியர்த்துவிட்டது. மியாகே வாசலில் வந்து நின்றவள் உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

"சட...வு" என்றார். என்னைக் காட்டினார். "நீ. சடவு."

சடவு என்றால் எங்கள் பக்கம் அலுப்பு, அசதி. டிசம்பருக்கு அப்புறம் இவர் என்னிடம் ஓரெழுத்துக்கு மேல் தேடிப் பிடித்துச் சொன்ன முதல் சொல். தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, என் பெயர்கூட இல்லை. உட்கார்ந்து அழுதேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

அழுது முடித்ததும் டேப்லெட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நாள்காட்டியில் மே பதினொன்று முதல் இருபத்தைந்து வரை விரலால் கோடு இழுத்தார். முப்பத்தொன்றில் தட்டித் தன்னைக் காட்டினார். ஆஸ்பத்திரி இவரைப் பார்த்துக்கொள்கிற வரைதான் நான் எங்கேயும் போக முடியும், அதற்குள் போ என்கிறார். அதற்கப்புறம் வாடகை வீட்டுப் பக்கம் ஒன்று. இரண்டு ரயில் நிலையம் தள்ளி, தரைத்தளம். விற்கிற பாதியில் என் டிக்கெட்டும் அந்த வீட்டுக்கு அட்வான்சும். மற்ற பாதி அப்படியே கிடக்கட்டும். வாய்தான் போயிற்று, யோசனை ஒரு இம்மிகூடக் குறையவில்லை. இத்தனை நாளும் அந்தக் கட்டிலில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது என்று நினைத்து நான் ஸ்பூனும் கையுமாகத் திரிந்திருக்கிறேன்.

இரண்டே முக்கால் ஆகியிருந்தது. இவர் என்னைப் பக்கத்தில் வரச்சொன்னார். காதருகே அந்த நாலு எண்ணையும் சொன்னார். தமிழில், ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு, ஆனால் தப்பில்லாமல். பிறகு டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

திரையில் ரத்து செய்யும் பொத்தான் இருந்தது. அதை அமுக்கி எண்ணைப் போட்டு, மறுபடி மொத்தமும் விற்க எனக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. அண்ணன் பார்த்து வைத்த வீடு, கோயமுத்தூர், படி இல்லாத வாசல், எல்லாம் அங்கேதான் இருந்தது. எனக்கு ஆசை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். விரலை அந்தப் பொத்தான் வரை கொண்டுபோனேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

டேப்லெட்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்தேன். மூன்று மணி ஆகும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்று விலை போட்டார்கள். நாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. நிரஞ்சனா அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பரவாயில்லை என்றேன். எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தாள், ஐந்து வருஷத்துக்கு அப்புறம். "அப்பாவ நான் பாத்துக்கறேன். தெனமும் ஸ்கூல் விட்டு நேரா போறேன்" என்றாள்.

மே 9, வியாழன்

பணம் நேற்று கம்பெனிக் கணக்குக்கு வந்தது, இன்று பேங்குக்கு. மத்தியானம் ஆஸ்பத்திரியில் நானும் இவரும் சேர்ந்து டிக்கெட் எடுத்தோம். தேதியை இவர் தொட்டார், பெயரை நான் அடித்தேன். சனிக்கிழமை போய், இருபத்தைந்தாம் தேதி திரும்புகிறேன். தொழிற்சாலையில் இரண்டு வாரம் லீவு கேட்டேன். மேஸ்திரி அம்மாள் காரணம் கேட்கவில்லை, பெட்டியில் ஒரு மோச்சி இனிப்பு வைத்துக் கொடுத்தாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றதும் அவருக்குக் கோபம். எங்களுக்காக அலைந்தவர், நியாயம்தான். இவரும் பிள்ளையும் வரவில்லை, சனிக்கிழமை நான் மட்டும் வருகிறேன் என்றேன்.

"மாப்பளைக்கு ஒடம்பு சரியில்ல, அவரைத்தானே கூட்டிட்டு வரோணும்? நீ மட்டும் எதுக்கு அம்மிணி வர்றே?" என்றார்.

எனக்கென்ன என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எனக்கு முடியலீங்கண்ணா" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார்.

"வா. வந்து தூங்கு" என்றார்.